சோற்றைக் குறைத்தேன், ஊசியைக் குறைக்கவில்லை

மூன்றாம் நாள் காலை, பதினொன்றே கால் மணி இருக்கும். ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நானே எழுதியிருந்த 3/4 எனக்குப் புரியவில்லை. எண் தெரிகிறது, அது என்ன என்று தெரியவில்லை. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, “டீச்சர், உங்களுக்கு ஒரேயா வேர்க்கு” என்றாள். அப்போதுதான் கவனித்தேன், சேலை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. சாக்பீஸ் பிடித்த கை நடுங்கியது.

பைக்குள் குளுக்கோமீட்டர் இருந்தது. விரலைக் குத்திப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை 48. 70க்குக் கீழே போகக் கூடாதது.

பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து கையில் இருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தார். தின்றேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 51. நிலக்கடலையில் இருக்கும் கொழுப்பு இனிப்பைச் சட்டென்று இரத்தத்துக்கு விடாது என்பது அன்று எனக்குத் தெரியாது. சத்துணவு சமைக்கும் அக்கா ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சீனியைக் கலக்கி நீட்டினார். அதைக் குடித்து இன்னொரு கால் மணி நேரத்தில் 82 வந்தது. 3/4 மறுபடியும் முக்கால் ஆனது.

இது 2023 ஜூலையில், நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் முடிந்த மறு வாரம் நடந்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைக்க நினைத்தால், நான் செய்த தவறு அவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் வரும் யூனிட் கணக்கெல்லாம் என் உடம்புக்கு என் டாக்டர் போட்டது. அதை அப்படியே எடுத்து யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அப்போது 49 வயது. சுகர் வந்து 13 வருடம். ஒன்பது வருடம் மாத்திரையில் ஓடியது, அப்புறம் நான்கு வருடமாக ஊசி. 30/70 கலப்பு இன்சுலின், காலையில் 24 யூனிட், இரவில் 18 யூனிட். கூடவே மெட்ஃபார்மின். இவ்வளவு போட்டும் அந்த ஜூனில் எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.4 சதவீதம். ஒவ்வொரு தடவை பார்க்கப் போகும்போதும் இரண்டு யூனிட் கூடும், எடையும் ஒரு கிலோ கூடும். 74 கிலோவில் நின்றேன்.

அக்கா வீட்டு அத்தான் பேலியோ உணவுமுறையில் 14 கிலோ குறைத்திருந்தார். காலையில் நூறு பாதாம், மதியம் காய்கறி, இரவில் முட்டை அல்லது கறி. சுகர் மாத்திரையை நிறுத்தியே விட்டார். “நீயும் ஆரம்பி தாயி. ஒரே மாசத்துல ஊசியத் தூக்கிப் போட்டுரலாம்” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அவர் போட்டது மாத்திரை, நான் போடுவது ஊசி என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் சாப்பிட்டு வந்த மாத்திரைக்குத் தனியாகச் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கும் வேகம் கிடையாது. நான் போட்ட ஊசிக்கு உண்டு.

அதுவரை என் சாப்பாடு என்ன என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் நாலு இட்லி, கிட்டத்தட்ட 45 கிராம் மாவுச்சத்து. மதியம் இரண்டு தடவை சோறு, அது 90 கிராமுக்குக் குறையாது. இரவில் மூன்று தோசை, 60 கிராமுக்கு மேல். இரண்டு வேளை காபி, சாம்பார், படுக்கும் முன் ஒரு வாழைப்பழம். எல்லாம் சேர்ந்து 250 கிராம் பக்கம். திங்கட்கிழமை காலையில் இட்லிக்குப் பதில் இரண்டு முட்டையும் வெள்ளரிக்காயும். மதியம் கீரையும் மீனும். இரவில் காலிஃபிளவர் பொரியல். ஒரே நாளில் 250லிருந்து 40 கிராமுக்கு இறங்கிவிட்டேன். ஊசி மட்டும் 250 கிராமுக்கான ஊசியாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நடந்ததற்கு முந்தின இரவே உடம்பு ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தது. நடுச்சாமத்தில் நைட்டி நனைய வேர்த்து எழுந்தேன். கெட்ட கனவு, நெஞ்சு படபடப்பு, காலையில் தலைவலி. ‘முதல் வாரம் அப்படித்தான் இருக்கும், உடம்பு பழகுது’ என்று அத்தான் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். இதை நான் மிக முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மாவுச்சத்தைக் குறைத்த முதல் சில நாட்களில் சோர்வும் தலைவலியும் கைகால் நடுக்கமும் வருவது உண்மைதான். ஆனால் லோ சுகருக்கும் இதே அறிகுறிகள்தான். உள்ளிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மீட்டர் ஒன்றுதான் சொல்லும். ஊசி போடுகிறவர் ‘பழகுது’ என்ற சொல்லை நம்புவதற்கு முன் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், இரவு இரண்டு மணியானாலும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று வகுப்பில் நடுக்கம் தொடங்கியபோது, 48 என்று பார்த்த பிறகும்கூட, சீனி தின்றால் டயட் கெட்டுப்போகுமே என்று ஒரு நிமிடம் தயங்கினேன். அந்த ஒரு நிமிடம் மூளை பட்டினி கிடந்த நிமிடம். 70க்குக் கீழே போனால் சீனி சாப்பாடு கிடையாது, அது மருந்து.

அன்று சாயங்காலமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம் உள்ள டாக்டரம்மாவிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் மீட்டரில் இருந்த எண்களைப் பார்த்துவிட்டு, “சோத்தக் குறைக்கது தப்பில்லம்மா. எங்கிட்ட சொல்லாமக் குறைச்சதுதான் தப்பு” என்றார். ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். இன்சுலினுக்கு இரண்டு வேலை. சாப்பிட்டதிலிருந்து வரும் சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்புவது ஒன்று. சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும், அதை அடக்கி வைப்பது இன்னொன்று. மாவுச்சத்தைக் குறைத்தால் முதல் வேலை குறையும். இரண்டாவது வேலை அப்படியே இருக்கும். அதனால் ஊசி குறைய வேண்டும், ஆனால் நின்றுவிடக் கூடாது.

என் ஊசியில் இரண்டு இன்சுலின் கலந்திருந்தன. 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது, 70 பங்கு மெதுவாக வேலை செய்து நாலைந்து மணி நேரத்தில் தொடங்கி உச்சத்துக்குப் போவது. காலை ஏழே காலுக்குப் போட்டது பதினொன்றே கால் மணிப் பின்னக் கணக்கில் வந்து பிடித்ததும், இரவு எட்டுக்குப் போட்டது நடுச்சாமத்தில் வந்து பிடித்ததும் அதனால்தான். கலந்து வரும் ஊசியில் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. ஆகவே முதலில் இரண்டு வேளையும் குறைத்தார். காலை 24லிருந்து 14, இரவு 18லிருந்து 10. சாப்பாட்டையும் 40 கிராமில் வைக்க விடவில்லை. ஒரு நாளைக்கு 120 கிராமில் தொடங்கச் சொன்னார். 130 கிராமுக்குக் கீழே வந்தாலே குறைந்த மாவுச்சத்து உணவுதான், 20, 50 என்று இறங்குவது வேறு கணக்கு, அதற்கு இப்போது அவசரம் இல்லை என்றார்.

அப்புறம் சேலையை விலக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். நான்கு வருடமாகத் தொப்புளுக்கு வலது பக்கம் ஒரே இடத்தில் குத்தியிருந்தேன். வலிக்காது என்பதால் அங்கேயே குத்துவேன். அந்த இடம் மெத்தை மாதிரித் தடித்துப் போயிருந்தது. அப்படித் தடித்த இடத்தில் போட்ட மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது, ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. புது இடத்தில் குத்தத் தொடங்கினால் அதே அளவு மருந்து முழுசாக வேலை செய்யும், அதனாலும் யூனிட் குறைய வேண்டியிருக்கும் என்றார். சோற்றையும் குறைத்து ஊசி போடும் இடத்தையும் மாற்றி, அளவை மட்டும் பழையபடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

வேறு மாத்திரை ஏதும் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால், இரத்தத்தில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் அமிலம் கூடிப் படுக்கையில் தள்ளிவிடும். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குவது என்று வரும். மீட்டரில் 180 என்று இருக்கும், ஆள் ஆபத்தில் இருப்பார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் ஊசி மாதிரியே சர்க்கரையைக் கீழே தள்ளும். இரண்டும் என்னிடம் இல்லை. இருப்பவர்கள் முதல் முட்டையை அவிப்பதற்கு முன்னாலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைகள் விஷயம் இன்னும் கவனமானது. சாப்பாடு எதுவாக இருந்தாலும் அவர்களுக்கு இன்சுலின் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், அப்புறம் இரத்தக் கொழுப்பு எல்லாம் எடுக்கச் சொன்னார். கண்ணைக் கட்டாயம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். எனக்கு அது புதிதாக இருந்தது. பல வருடம் உயர்ந்தே இருந்த சர்க்கரை சட்டென்று இறங்கினால், விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருப்பவர்களுக்கு அது கொஞ்ச காலம் மோசமாகக்கூடும். எனக்கு ஆரம்ப நிலைப் பாதிப்பு இருந்தது. அதனால்தான் அவசரப்படாமல் அந்த 9.4, மூன்று மாதத்துக்கு ஒன்றரை பாயிண்ட் இறங்கினால் போதும் என்று திட்டம் போட்டோம். சர்க்கரை இறங்கும்போது பார்வை மங்கும், அது வேறு விஷயம், கண்ணின் வில்லையில் நீர்ச்சத்து மாறுவதால் வருவது. ஆறு வாரம் கழித்துத் தானாகவே தெளிந்தது. நடுவில் கண்ணாடி மாற்றியிருந்தால் பணம் வீணாகியிருக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

பழைய வருகைப் பதிவேடு ஒன்று கட்டங்களோடு காலியாகக் கிடந்தது. அதில் எழுதத் தொடங்கினேன். வெறும் வயிறு, காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, மதியத்துக்கு முன், பின், இரவுக்கு முன், படுக்கும் முன், அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை அதிகாலை மூன்று மணி. ஒரு ஸ்ட்ரிப் அப்போது 15, 20 ரூபாய். இரண்டு வாரத்துக்கு அது பெரிய செலவுதான். ஆனால் டாக்டரம்மா யூனிட் மாற்றியதெல்லாம் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான். பக்கத்திலேயே என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்றும் எழுதுவேன். பள்ளி விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் நின்ற நாளில், சாப்பாடு மாறாமலே 40 பாயிண்ட் இறங்கியிருந்ததை அந்த நோட்டில்தான் கண்டுபிடித்தேன்.

குத்தும் முன் கையைக் கழுவுங்கள். ஒரு மே மாதம் மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே குத்திப் பார்த்தேன், 240. பதறிப்போய்க் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 152. விரலில் இருந்த பழச்சாற்றை நம்பி யாராவது கூடுதல் ஊசி போட்டுவிட்டால்?

பத்தாம் நாள் வாக்கில் வேறொன்று நடந்தது. நடுக்கம், படபடப்பு, அதே அறிகுறிகள். குத்தினால் 118. மீட்டர் பழுதென்று நினைத்து இன்னொரு தடவை குத்தினேன், 114. வருடக்கணக்கில் 220, 250 என்று இருந்து பழகிய உடம்பு, நூற்றுச் சொச்சத்தைப் பார்த்ததும் ஆபத்தென்று கூவுகிறது. அப்போது குளுக்கோஸ் அள்ளிப் போடத் தேவையில்லை, ஒரு டம்ளர் உப்பு மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்து, கால் மணி நேரத்தில் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. மூன்று வாரத்தில் அது போய்விட்டது.

மோர் எனக்கு இன்னொரு வகையிலும் உதவியது. மாவுச்சத்தும் இன்சுலினும் குறையும்போது சிறுநீரில் உப்பும் தண்ணீரும் கூடுதலாக வெளியே போகும். தலைசுற்றல் அதனால்தான் வரும். எனக்கு இரத்தக் கொதிப்பு இல்லை என்பதால் மோரில் உப்புப் போட்டுக் குடித்தேன். கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தமே இறங்கிவிடலாம், மாத்திரை அளவைப் பார்க்க வேண்டிவரும்.

வீட்டில் பெரிய சிக்கல் என் மாமியார்தான். அவருக்கு 78 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் வயலும் வரப்புமாக வளர்ந்தவர். அம்பை 16 அரிசியைக் கையில் எடுத்தாலே இது எந்த வருடத்து நெல் என்று சொல்லக்கூடியவர். “சோறு திங்காம எப்படிட்டி நிப்ப? நாள் முழுக்கப் பிள்ளைகட்ட கத்தணுமில்லா?” என்று கண் கலங்கினார். நான் சோற்றை ஒதுக்கியது அவரையே ஒதுக்கியது மாதிரி அவருக்கு இருந்தது. வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. அத்தை முன்னாலேயே குத்தி, எண்ணைக் காட்டி, இரண்டு கரண்டி சோற்றுக்கு எவ்வளவு ஏறுகிறது, அவியலுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வைத்தேன். நாலைந்து நாளில் அவருக்கே அது ஒரு கணக்காகிவிட்டது.

நம் ஊர்ச் சமையலை விட்டுவிட்டு ஊருக்குச் சம்பந்தமில்லாத எதையோ தின்ன வேண்டியதில்லை. இதை நான் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நாளானது. பாதாமும் வெண்ணெய்க் காபியும் எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கை விட்டுவிட்டு முருங்கைக்காய், பீன்ஸ், கொஞ்சம் கேரட், சிறுபருப்பு பேருக்கு ஒரு கை, கெட்டித் தேங்காய்ப்பால். அதை ஒரு கிண்ணம் ஊற்றிக் கூடவே இஞ்சிப் பச்சடி வைத்தால் சோறு கால் பங்கு போதும். கிழங்கில்லாத அவியல், தடியங்காய்க் கூட்டு, சீனியவரைக்காய்ப் பொரியல், முருங்கைக்கீரை, காணத் துவையல், எள்ளுத் துவையல், தூத்துக்குடிக் கரையிலிருந்து வரும் சாளையும் நெத்திலியும். பொரியலைச் சோற்றளவுக்கும் சோற்றைப் பொரியலளவுக்கும் வைப்பது என்று ஆனது. ஒரு சின்னத் தராசு வாங்கினேன். 100 கிராம் வெந்த சோற்றில் 28 கிராம் பக்கம் மாவுச்சத்து. எங்கள் வீட்டு அகப்பையில் ஒரு தடவை அள்ளினால் 50 கிராம் சோறு வரும். ஒரு வாரம் நிறுத்துப் பார்த்த பிறகு தராசு தேவைப்படவில்லை, அகப்பையே அளவானது.

எங்களூரில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சோற்றை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், நாலு சப்பாத்தி என்று மாறிக்கொள்வார்கள். காய்ந்த தானியம் 100 கிராம் எடுத்தால் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து இருந்தால் மற்றதில் 65, 70. நார்ச்சத்து கூடுதல்தான், நல்லதுதான், ஆனால் ஊசிக் கணக்கில் அது பெரிய குறைப்பு இல்லை. கருப்பட்டிக் காபி சுகருக்கு ஒன்றும் செய்யாது என்று உடன்குடியிலிருந்து வாங்கிவந்து கொடுக்கும் அன்பான சொந்தங்கள் எனக்கும் உண்டு. கருப்பட்டி பெரும்பாலும் சர்க்கரைதான், பதநீரிலும் சர்க்கரை உண்டு. மீட்டரில் பார்த்துவிட்டேன். தை மாதத்துப் பனங்கிழங்கும் சிறுகிழங்கும் எனக்கு உயிர், அவற்றை நான் விடவில்லை. அந்த வேளையில் சோறு கிடையாது, அவ்வளவுதான்.

ஐந்தாம் வாரம் கலப்பு ஊசியை மாற்றி, இரவில் ஒரு தடவை நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின், சாப்பாட்டுக்கு முன் வேகமாக வேலை செய்யும் ஊசி என்று பிரித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பின்தான் மாவுச்சத்தை 80, 90 கிராமுக்குக் கொண்டுவர முடிந்தது. சாப்பிடும் அளவுக்கு ஏற்ப ஒன்றை மட்டும் மாற்றலாம், இன்னொன்று அசையாது.

அந்த மாற்றத்தில் ஒரு ஆபத்து இருந்தது. நான் நான்கு வருடம் போட்டது மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி, சிவப்பு மூடி சிரிஞ்ச். புது மருந்து மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். ஒரு மருந்துக் கடையில் 100 யூனிட் குப்பியையும் பழக்கத்தில் சிவப்பு மூடி சிரிஞ்சையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதில் 10 என்ற கோடு வரை இழுத்திருந்தால் உள்ளே போவது 25 யூனிட். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் தப்பித்தேன். அதற்குப் பின் பேனா ஊசிக்கு மாறிவிட்டேன். குப்பியில் போடுகிறவர்கள் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் இரண்டிலும் இருக்கும் எண்ணை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

கலப்பு ஊசியை அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஆவணியில் ஒரு மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்குப் போனபோது, வீட்டில் கிளம்பும் முன்பே வேக ஊசியைப் போட்டுக்கொண்டேன். பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. 61 வந்துவிட்டது. பையில் இருந்த குளுக்கோஸ் காப்பாற்றியது. இப்போது விருந்து வீட்டில் இலை போட்டு, சோறு கண்ணில் பட்ட பிறகுதான் ஊசி. அந்தக் குளுக்கோஸ் பொடியை மூன்று தேக்கரண்டி வீதம், அதாவது 15 கிராம், சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன். பள்ளி மேசையில் ஒன்று, கைப்பையில் இரண்டு, தலையணை அடியில் ஒன்று. 70க்குக் கீழே என்றால் ஒரு பொட்டலம், 15 நிமிடம் பொறுத்து மறுபடி மீட்டர், ஏறாவிட்டால் இன்னொன்று. நான் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்கும் சக டீச்சர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மீன், முட்டை மட்டும் சாப்பிட்டால் ஊசியே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். என் நோட்டில் அப்படி இல்லை. சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரம் கழித்துச் சர்க்கரை மெல்ல ஏறும். புரதத்திலிருந்தும் உடம்பு கொஞ்சம் சர்க்கரை செய்துகொள்கிறது.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி கரைமீறியது, திருநெல்வேலி சந்திப்புப் பேருந்து நிலையம் தண்ணீரில் நின்றது. வண்ணார்பேட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் பிரிக்காத பேனா ஊசி நாலு இருந்தது. அத்தைதான் யோசனை சொன்னார். காருக்குறிச்சிப் பானை ஒன்றை எடுத்து, அதற்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் மணலைக் கொட்டி நனைத்து, ஊசிகளை மூடி போட்ட டப்பாவில் அடைத்து உள்ளே வைத்தோம். மாடிப்படி நிழலில் அது குளுகுளுவென்று இருந்தது. பிரித்துப் பயன்படுத்தும் ஊசி சாதாரண அறைச் சூட்டில் நாலு வாரம் தாங்கும் என்பதால் பயமில்லை, மிச்சத்தைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த நாட்களில் நிவாரணமாக வந்தது பிரெட், பிஸ்கட், சாம்பார் சாதப் பொட்டலம். வேறு இல்லை. அதைத்தான் தின்றேன், அதற்கேற்ற யூனிட் போட்டேன். இரவு கிளார்ஜினை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. டயட் போச்சே என்று அன்று பட்டினி கிடந்திருந்தால் இன்னொரு 48ஐப் பார்த்திருப்பேன், அதுவும் ஆம்புலன்ஸ் வர முடியாத தெருவில்.

கொழுப்புப் பரிசோதனையில் முதல் மூன்று மாதத்தில் கெட்ட கொழுப்பு கூடியிருந்தது. தேங்காய்ப்பாலும் நெய்யும் கொஞ்சம் தாராளமாகப் போயிருந்தது. நல்லெண்ணெய்க்கும் மீனுக்கும் நிலக்கடலைக்கும் மாறிய பிறகு இறங்கியது. மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும் போதுமானதாக இருந்தன.

மூன்று மாதச் சராசரி அக்டோபரில் 7.8. 2024 ஜனவரியில் 7.1. எடை 67. ஒரு நாளைக்கு 42 யூனிட் போட்ட இடத்தில் இப்போது 22. விழித்திரை அப்படியே நிற்கிறது, மோசமாகவில்லை. ஊசியை நிறுத்தவில்லை. உடம்பு தானாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு பரிசோதனை எடுத்தார்கள், எனக்கு அது குறைவு. அத்தானுக்கு நின்றது எனக்கு நிற்காது. அதைக் கேட்ட அன்று வருத்தமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். அத்தான் போன் பண்ணி, “எம்மா, நான் விவரம் தெரியாமச் சொல்லிட்டேன்” என்றார். அவர் இப்போது யாருக்குப் பேலியோ சொன்னாலும், ஊசியா மாத்திரையா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

மதியம் பள்ளி விடுமுறை நாட்களில் அத்தை கையால்தான் பரிமாறுவார். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்று, “எத்தனை இருக்குட்டி?” என்பார். நான் எண்ணைச் சொன்ன பிறகுதான் அகப்பை பானைக்குள் போகும்.